எட்டாம் மேசை இல்லை

3 ஜூலை 2023, திங்கள்

காலைச் சர்க்கரை 141. தண்ணீர் மோட்டார் அடைத்துக்கொண்டது. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றான். அவனுடைய நாளை எது என்று அவனுக்கே தெரியாது.

பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் ஹம்ஸினி. பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தேடிச் சேர்க்கும் ஒரு குழுவில் இருக்கிறாளாம். 1992-ல் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் என்னைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. அதைப் பழைய புத்தகக் கடையில் பிடித்திருக்கிறாள்.

"வெயிலுமுத்து சார்தானே? சிவகாசியில 'நெட்கண்' எழுதினவர்?"

முப்பது வருடத்தில் அந்தப் பெயரை என்னைத் தவிர யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நெட்கண் 1990-ல் நான் எழுதியது. அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் இருந்தேன். பதினோரு கம்ப்யூட்டர்களை ஒரு கேபிளில் கோத்து ஒரு சர்வரோடு இணைத்திருந்தோம். எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கோப்பை எத்தனை மணிக்குத் திறந்தது, எவ்வளவு எடுத்தது என்று நெட்கண் கவனித்துக் குறித்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான். அன்றைக்கு அதைப் பார்க்க மதுரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அதன் சோர்ஸ் கோடு வேண்டுமாம். நான் கையால் எழுதிய வரிகள், ஒன்று விடாமல். டிசம்பரில் சென்னையில் கண்காட்சி. மேடையில் இருபது நிமிடம் நான் பேச வேண்டும்.

"பத்திரிகையில வந்த, ஆபீஸ் திருட்டைப் பிடிச்ச கதைதான் சார் ஹைலைட். அதைப் பெரிசா போடுறோம்" என்றாள்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

5 ஜூலை, புதன்

எலக்ட்ரீஷியன் வந்தான். மோட்டார் ஓடுகிறது.

பரணில் ஏறினேன். "இந்த வயசுல ஏணியில ஏறி என்னத்தத் தேடுறீக?" என்று ஜெயக்கொடி கீழே நின்று சத்தம் போட்டாள். என் மனைவிக்கு நான் எங்கே ஏறினாலும் விழுந்துவிடுவேன் என்று முடிவு.

பிளாப்பி டப்பா கிடைத்தது. பதினாறு தட்டுகள். பாதியில் பூஞ்சை. மீதியில் சந்தனம். ஆயுத பூஜைக்கு அச்சகத்தில் மெஷின், கத்தி, பசை வாளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள் என் பிளாப்பிகளையும் விடவில்லை. அட்டையில் வைத்திருந்தால் போகிறது, நடுவே தட்டு தெரியும் திறப்பில் சரியாகக் கட்டை விரலால் அப்பியிருக்கிறார்கள். சரஸ்வதி படித்திருப்பாள். இனி மெஷின் படிக்காது.

9 ஜூலை, ஞாயிறு

மட்டன் நன்றாக வேகவில்லை.

அச்சகத்தில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எதையும் பைண்டிங்கில் கொடுத்துப் புத்தகமாக்கிக்கொள்ளலாம். நெட்கண் முழுவதையும் நீள்தாளில் அச்சடித்துச் சிவப்புக் காலிகோ துணியில் இரண்டு புத்தகமாகத் தைத்து வாங்கியிருந்தேன். முதல் பதிப்பு ஒன்று, திருத்திய பதிப்பு ஒன்று. திருத்திய பதிப்பு பரணில் இருந்தது. முதலாவதைக் காணவில்லை.

ஜெயக்கொடியிடம் கேட்டேன். "அந்தச் சிவப்புப் பொஸ்தகமா? பீரோவுக்கு அடியில பாருங்க" என்றாள். பீரோவின் ஒரு கால் குட்டை. இருபத்தாறு வருடமாக என் புரோகிராம் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உலகத்தில் இவ்வளவு காலம் நிற்காமல் வேலை செய்த புரோகிராம் வேறு இருக்காது.

அதன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தேன்.

12 ஜூலை, புதன்

தாள் பழுத்துவிட்டது, ஸ்கேன் செய்தால் எழுத்து விழவில்லை. ஆகவே நானே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். நாற்பத்து மூன்று பக்கம். இன்றைக்கு ஆறு.

நல்ல கையெழுத்து மாதிரி நல்ல புரோகிராமும் உண்டு. இருபத்தேழு வயதில் நான் மோசமில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது.

15 ஜூலை, சனி

பதினெட்டாம் பக்கம் வரை வந்திருக்கிறேன். ஒரு வரியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் பாஷையில் இருக்கிறது. தமிழில் சொன்னால்: எண் எட்டு என்று வந்தால் காட்டாதே, விட்டுவிடு.

எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு எட்டு ஆகாது. எட்டு சனி. வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது, ஆபீசில் எட்டாம் மேசை கூடாது. ஊருக்கெல்லாம் மாதாமாதம் எட்டாம் தேதியை அச்சடித்து அனுப்பியவர், தன் ஆபீசில் அதை உள்ளே விடவில்லை. ஆக, மேசைகள் ஒன்றிலிருந்து ஏழு. அப்புறம் ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மொத்தம் பதினொன்று. பன்னிரண்டு என்னுடையது.

நெட்கண்ணை ஓட்டிய முதல் நாள் திரையில் எட்டு என்று ஓர் எண் மின்னியது. பெயர் இல்லை, வெறும் எட்டு. அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"தம்பி, எட்டுன்னு ஒண்ணு வருதே. நம்மகிட்டதான் எட்டே கெடையாதே?"

"கேபிள்ல ஏதோ கோளாறு அண்ணாச்சி."

"என்ன கோளாறோ. அதைத் தூக்கிரு."

தூக்கினேன். அந்த வரிதான் இது. ஹம்ஸினி கேட்டால் ரசிப்பாள்.

வரிக்குப் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறேன். மங்கிவிட்டது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

16 ஜூலை, ஞாயிறு

எட்டுக் கதையை ஜெயக்கொடியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா அந்த எட்டு எங்கிருந்து வந்துச்சு?"

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் கேபிள் செருக ஒரு கார்டு இருக்கும், அந்தக் கார்டுக்கு ஓர் எண் உண்டு என்றேன். கார்டு போட வந்தவர் மதுரைக்காரர். அவருக்கு அண்ணாச்சியின் சனியைத் தெரியாது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை வரிசையாக வைத்துவிட்டுப் போய்விட்டார். நெட்கண்ணுக்குத் தெரிவது கார்டு எண் மட்டும். மேசை எண்ணையும் அதில் இருப்பவர் பெயரையும் பட்டியலாகக் கொடுத்தது நான். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அவள் பதினோரு டம்ளரை மேடையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எட்டாவதைத் தொட்டதும் நின்றாள்.

"இது எட்டாவது கார்டு. ஆனா மேசை ஒன்பது. இதைத்தான் காட்டாம தூக்கிட்டீக."

"ஆமா."

"அடுத்தது ஒன்பதாவது கார்டு. உங்க மெஷின் ஒன்பதாம் மேசைன்னு சொல்லும். நெசத்துல பத்து."

"ஆமா."

"அப்ப இந்தக் கடைசி டம்ளர். பதினோராவது கார்டு. மெஷின் பதினொன்னாம் மேசைன்னு சொல்லும். நெசத்துல அது யாரு மேசை?"

பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைக்க வேண்டியதாயிற்று.

ஜெயக்கொடி படித்தது பத்தாம் வகுப்பு. கணக்கில் எப்போதும் கெட்டி.

17 ஜூலை, திங்கள்

ஆடி பிறந்தது. தட்டச்சு செய்யவில்லை.

இதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஆனைக்கும் அடி சறுக்கும். புரோகிராமில் பிழை இல்லாதவன் புரோகிராமே எழுதாதவன்.

சிவகாசியில் மறு வருடக் காலண்டர் மாதிரிகளை ஆடிப் பதினெட்டில் வெளியிடுவார்கள். அதற்கு முன்பே பெரிய வாடிக்கையாளர்களுக்கு ரேட் பேசியாகிவிடும். 1990-ல் எங்கள் ரேட் இன்னோர் அச்சகத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பெரிய ஆர்டர் ஒன்று கைமாறியது. ரேட் கோப்பை யார் திறந்தது என்று அண்ணாச்சி கேட்டார். ஆபீசுக்கே ஒரே கடவுச்சொல்தான், 'முருகா'. அதனால் ஆள் தெரியாது. எந்த மெஷின் என்று நெட்கண் சொன்னால்தான் உண்டு. சொன்னது. ஒரு வாரம், தினமும் மதியம் 1.20-க்கு, பதினொன்றாம் மேசை.

பதினொன்றில் அமலோற்பவம் என்ற பெண் இருந்தாள். எல்லாரும் சாப்பிடப் போனபின் அவள் மட்டும் டிபன் பாக்ஸோடு மேசையிலேயே இருப்பாள். ஜூலை 27 அன்று வேலையை விட்டாள்.

பன்னிரண்டாம் மேசையில் என் மெஷின் தினமும் 1.20-க்கு சர்வரில் இருக்கும் எல்லாக் கோப்பையும் தானாகவே நகல் எடுக்கும். சாப்பாட்டு நேரத்தில் கேபிள் சும்மா இருக்குமென்று நான்தான் அப்படி வைத்திருந்தேன். இரண்டும் 1.20 என்பது அப்போது தோன்றவில்லை. திரையில் பன்னிரண்டு ஒருநாளும் வந்ததில்லை. காவலாளி தன்னைத்தானே எண்ண மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

விவரம் இவ்வளவுதான்.

18 ஜூலை, செவ்வாய்

நேற்று எழுதியதை ஜெயக்கொடி படித்துவிட்டாள். நாற்பது வருட டைரியில் அவள் தொட்ட முதல் டைரி இது.

"'வேலையை விட்டாள்'னு எழுதியிருக்கீக. அவளா விட்டா? போன மாசம் என் தங்கச்சி மகன் கல்யாணத்துல கூட, 'நான் ஒரு திருடியைப் பிடிச்சேன்'னு சொன்னீகளே."

ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றேன்.

"முப்பது வருசமாவா?"

மதியம் ரசம் மட்டும்.

20 ஜூலை, வியாழன்

ஹம்ஸினி போன். இரண்டு புத்தகம் இருக்கிறது, திருத்திய பதிப்புதான் சரியானது, அதையே அனுப்புகிறேன் என்றேன்.

"இல்ல சார், முதல் பதிப்புதான் வேணும். திருட்டைப் பிடிச்சது அதுதானே?"

பூச்சி அரித்திருக்கிறது என்றேன். பொய்தான். பீரோ அடியில் ஒரு பூச்சியும் போகவில்லை.

திருத்திய பதிப்பில் எட்டைத் தூக்கிய அந்த வரி இல்லை. பெயர்ப் பட்டியலும் கார்டு எண்படி சரியாக மாறியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 16-08-90 என்று அச்சாகியிருக்கிறது. பத்திரிகையில் கதை வந்தது 1992-ல். தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

22 ஜூலை, சனி

கண் டாக்டர். இடது கண்ணில் புரை ஆரம்பம். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார், செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.

24 ஜூலை, திங்கள்

1990 டைரியை எடுத்தேன். எங்கள் அச்சகம் அடித்ததுதான், பக்கத்துக்கு ஒரு பொன்மொழி. அதிலிருந்து அப்படியே பெயர்க்கிறேன்.

27 ஜூலை 1990, வெள்ளி: "மதியம் 3 மணிக்கு அண்ணாச்சி அறையில் அமலோற்பவம். அழவில்லை. நான் எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அண்ணாச்சி என்னைப் பார்த்து நிச்சயமா என்று கேட்டார். எண்ணுவது மெஷின், நான் இல்லை என்றேன். போகும்போது என் மேசைக்கு வந்து, நாளையிலிருந்து நான் இருக்க மாட்டேன், நாளைக்கும் 1.20-க்குப் பாருங்கள் சார் என்றாள்."

28 ஜூலை 1990, சனி: "பார்க்க நேரமில்லை. ஆடி 18-க்கு ஆறு நாள்."

ஆகஸ்ட் 6-லிருந்து 15 வரை பக்கங்கள் காலி. அப்பா இறந்த வாரத்தில்கூட நான் டைரி எழுதியிருக்கிறேன்.

25 ஜூலை, செவ்வாய்

புதுக் கண்ணாடி வந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

26 ஜூலை, புதன்

பழைய அச்சக ஆட்களின் வாட்ஸப் குழுவில், அமலோற்பவம் இப்போது எங்கே என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தவிர ஒன்றும் வராத குழு. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. சாத்தூர் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாளாம்.

29 ஜூலை, சனி

மதுரை மாட்டுத்தாவணியில் சாத்தூர் போகும் 8.40 பஸ். எட்டு நாற்பது என்று இப்போது கண்ணில் படுகிறது. விருதுநகரில் பத்து நிமிடம் நின்றான். ஜெயக்கொடி சேவு வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.

கடை சின்னது. முன்னால் முழுக் கண்ணாடி. அதில் ஆதார் பிரிண்ட், பான் கார்டு, லேமினேஷன் என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே வேளாங்கண்ணி மாதா, இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருக்கிறது, சாயம் பூசவில்லை. நான் பெயர் சொல்லுமுன்பே எழுந்துவிட்டாள்.

"முத்து சார்தானே? வாங்க. உக்காருங்க. என்ன இந்தப் பக்கம்?"

"சேவு வாங்க வந்தேன்."

"சேவுக் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம்ல இருக்கு."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நெட்கண்ணை யாரோ கேட்கிறார்கள், அதற்காகத் திருப்பிப் படித்தேன், அதில் ஒரு பிழை இருந்தது என்று ஆரம்பித்தேன். அவள் ஒருவருடைய ரேஷன் கார்டை நகல் எடுத்தபடியே கேட்டாள். கார்டு எண், மேசை எண், நடுவில் விடுபட்ட எட்டு எல்லாவற்றையும் சொன்னேன். 1.20-க்கு ஓடியது என் மெஷின்தான் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எட்டா?" என்றாள்.

"எட்டு."

சிரித்துவிட்டாள். நன்றாகவே சிரித்தாள், ரேஷன் கார்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நகலுக்குக் காசு வாங்கி அவரை அனுப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"எங்க அப்பா சாகுற வரைக்கும் இதையே கேட்டார் சார். நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும் பிள்ளை, ஆனா மெஷின் ஏன் உன் பேரைச் சொல்லுச்சும்பார். அதுக்கு எதுக்கு உன் மேல கோவம்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நானும் அந்த மெஷினை நம்பினவதானே. ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு நாமளே ஏதும் கைதவறி அமுக்கிட்டோமான்னு யோசிப்பேன்."

மெஷினில் தாள் தீர்ந்திருந்தது, புதுக் கட்டைப் பிரித்துப் போட்டாள்.

"அதுக்கப்புறம் சிவகாசியில எந்த ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார விடலை. நான் போறதுக்கு முந்தி என் பேரு போயிரும். ஒன்பது வருசம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். ரேட்டை வெளியே சொன்னது யாரு தெரியுமா? அண்ணாச்சியோட மச்சினன். ஒரு கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்து உளறியிருக்கார். ரெண்டு வருசத்துல ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா யாரும் என்னைக் கூப்பிட்டு, நீ இல்லைம்மான்னு ஒரு வார்த்தை சொல்லலை."

டீ வரவழைத்தாள். சர்க்கரை இல்லாமல் என்று நான் சொல்லவில்லை, குடித்தேன்.

கிளம்பும்போது கேட்டாள். "நாளைக்கும் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேனே சார். மறுநாள் பாத்தீங்களா?"

"மறுநாள் பார்க்கலைம்மா. ஆடிப் பதினெட்டு வேலை."

"அதான் நெனச்சேன். பாத்திருந்தா வந்து சொல்லியிருப்பீங்க" என்றாள்.

சேவு அரைக் கிலோ வாங்கினேன். மூன்றரைக்கு வீடு.

பொய் சொல்லவில்லை. மறுநாள் பார்க்கவில்லை என்பது உண்மை.

30 ஜூலை, ஞாயிறு

சர்க்கரை 212. டீதான் காரணம்.

1 ஆகஸ்ட், செவ்வாய்

சேவைத் தட்டில் கொட்டிக்கொண்டே ஜெயக்கொடி கேட்டாள். "மறுநாள் பாக்கலை, சரி. அதுக்கு மறுநாள்?"

சேவில் மிளகு தூக்கல் என்றேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீக. அந்தச் சிவப்புப் பொஸ்தகத்தைத் தூசி தட்டும்போது பென்சில்ல எழுதியிருந்ததை நான் அன்னைக்கே படிச்சிட்டேன். எனக்கு இன்னும் கண்ணாடி வேண்டாம்."

வெட்கமாக இருந்தது. இந்த டைரியில் நான் அந்தச் சொல்லை எழுதியதில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். பழைய பிழைக்காக அல்ல. பிழை யாருக்கும் வரும். சனிக்கிழமை அவள், வந்து சொல்லியிருப்பீங்க என்றபோது நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டுச் சேவு வாங்கினேன். அதற்காக.

2 ஆகஸ்ட், புதன்

தட்டச்சு முடிந்தது. எட்டைத் தூக்கிய வரியை அப்படியே வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, புரோகிராம் ஆரம்பிக்குமுன், ஐந்து வரி சேர்த்தேன்:

இந்தப் புரோகிராம் எந்தத் திருட்டையும் பிடிக்கவில்லை. இது பதினொன்று என்று காட்டியது பன்னிரண்டாம் மேசையை. பன்னிரண்டு என்னுடையது. பதினொன்றில் இருந்த அமலோற்பவம் எதையும் எடுக்கவில்லை. இது தெரிந்த பிறகும் நான் கதையை மாற்றவில்லை.

ஹம்ஸினிக்கு அனுப்பினேன். மேடைக்கு வர இயலாது என்றும் எழுதினேன். பதில் இன்னும் இல்லை. பூச்சி அரித்ததாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பீரோ செங்கல்லில் சரியாக நிற்கவில்லை, கதவு தானாகத் திறந்துகொள்கிறது.

3 ஆகஸ்ட், வியாழன். ஆடி 18

அதே 8.40 பஸ். சிவப்புப் புத்தகம் மஞ்சள் பையில். ஜெயக்கொடி இந்த முறை சேவு கேட்கவில்லை. வாசல்வரை வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க, சாப்பிடாமப் போனா சர்க்கரை எறங்கிரும்" என்று இரண்டு இட்லி வைத்தாள்.

கடையில் கூட்டம் இருந்தது. காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் தாளை வாங்கினாள். ஆட்கள் போனதும் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். பென்சில் இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சத்தமாகவே படித்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான், ரேட் பட்டியலை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பாள்.

"ஆறு, எட்டு, தொண்ணூறு. பதினொன்றில் ஆள் இல்லை. மெஷினும் ஆஃப். ஆனாலும் 1.20-க்குப் பதினொன்று ஓடுகிறது. பன்னிரண்டுதான். என் மெஷின். அமலோற்பவம் இல்லை."

இரண்டாம் முறை சத்தமில்லாமல் படித்தாள்.

"பாத்திருக்கீங்க."

"பார்த்தேன். பத்து நாள் கழிச்சு. சனிக்கிழமையே உன்கிட்ட சொல்லியிருக்கணும். தொண்ணூறிலயே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலை?"

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தேன். நிறையக் கிடைத்தது. அண்ணாச்சிக்குப் பயம், வேலைக்குப் பயம், தங்கை கல்யாணம். "எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள். கவிழ்த்து வைத்து மூடியை அழுத்தினாள். பைண்டிங் தடிமன், மூடவில்லை. ஒரு கையால் அமுக்கிப் பிடித்தாள். வெளியே வந்த தாளில் பென்சில் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது. கருமையைக் கூட்டினாள். மறுபடி எடுத்தாள். போதவில்லை.

"பெரிசா எடுக்குறேன் சார்" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

பெரிய தாளை மாற்றிப் போட்டு, அந்த ஓரம் மட்டும் விழும்படி அளவு வைத்து எடுத்தாள். என் எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரத்துக்கு வந்தது. கீழே நான் போட்டிருந்த சுருக்கக் கையெழுத்தும் விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் என்னிடம் பேனாவைக் கொடுத்து, "முழுப் பேரையும் எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

ஒரு நகலை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். "இது எங்க அப்பாவுக்கு." இன்னொன்றை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். கண்ணாடியில் லேமினேஷன் விளம்பரத்தைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் எழுத்து ரோட்டைப் பார்க்கும்படி வைத்து நாலு மூலையிலும் டேப் ஒட்டினாள். நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "உங்க பொஸ்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும் சார். எனக்கு இந்த ஒரு பக்கம் போதும்."

வருகிறேன் என்றேன். சரிங்க சார் என்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு பேர் கடை முன்னால் நின்று படித்துவிட்டு உள்ளே போனார்கள். நான் நின்ற இடத்துக்கும் கடைக்கும் நாற்பது அடி இருக்கும். புதுக் கண்ணாடி. அங்கிருந்தே எல்லா எழுத்தும் தெரிந்தது.